கெடிலம் கழகத்தின் பதினோராம் ஆள்

கெடிலம் வாலிபர் உதைபந்தாட்டக் கழகத்தில் ஒரு தலைவர், ஒன்பது உதவித் தலைவர்கள், ஒரு காரியதரிசி, அவருக்குக் குடை பிடிக்க ஒரு துணைக் காரியதரிசி, ஒரு பந்து எல்லாம் இருந்தன. ஆட்டக்காரர்கள் மட்டும்தான் இல்லை. கமிட்டியில் ஐம்பது வயதுக்குக் குறைந்த வாலிபர் எவரும் கிடையாது.

இப்பேர்ப்பட்ட கழகம் அறுபத்து மூன்றாம் வருஷம் ஜில்லாவின் முதல் டிவிஷனுக்கு ஏறிவிட்டது. எப்படி ஏறியது என்றால், இரண்டாம் டிவிஷனில் இருந்த மற்ற கிளப்புகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கலைந்து போயின. கடைசியில் மிஞ்சியது இது ஒன்றுதான். தலைவர் ஞானசேகரன் கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் கடலை எண்ணெய் மில் வைத்திருந்தவர். "நம்மளோட மோதறதுக்கு எவனுமே இல்லாத நெலமைக்குக் கழகத்தக் கொண்டாந்துட்டேன்" என்று மில் வாசலில் வாழைமரம் கட்டிக் கொண்டாடினார்.

முதல் டிவிஷனுக்கு வந்தபின் சும்மா இருக்க முடியுமா? கல்கத்தாவில் ஆடுவதுபோலத் தொழில்முறைக் கழகமாக ஆக வேண்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. காலையில் மில்லில் மூட்டை தூக்குகிறவன் சாயங்காலம் மைதானத்தில் பந்து உதைத்தால் அதுதான் தொழில்முறை ஆட்டம் என்று காரியதரிசி ராமாமிர்தம் விளக்கம் எழுதினார். அவர் ரிஜிஸ்தர் ஆபீசில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எழுதி, கையெழுத்து வாங்கி, சாட்சி போட்டால்தான் அது நடந்ததாக அவருக்கு நம்பிக்கை வரும்.

பக்கிரி அந்த மில்லுக்குத் தினக்கூலியாக வந்து சேர்ந்தவன். சோனங்குப்பத்து ஆள். கட்டுமரக்காரன். போன ஐப்பசியில் அவன் அண்ணனைக் கடல் எடுத்துக்கொண்டது. மரம் மட்டும் கரை ஒதுங்கியது. அப்போதுதான் பக்கிரியின் பெண்டாட்டி தனத்துக்கு நாள் தள்ளிப்போயிருந்தது.

"இந்தா மாமா, கேட்டுக்க" என்று அவள் அவன் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். "கரையில இன்னா வேலன்னாலும் செய். மூட்ட தூக்கு, கல்லு ஒட, கக்கூசு கழுவு. கடலுக்கு மட்டும் போவாத. உங்க அண்ணன் பொண்டாட்டி மாதிரி நானும் மணல்ல குந்திகினு அலையப் பாத்துகினு கெடக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

பக்கிரி சத்தியம் பண்ணினான். பண்ணிவிட்டு மில்லுக்குப் போனான். அங்கே கடலை மூட்டை முதுகுத் தோலை உரித்தது. தொண்டைக்குள் தொலி தூசு அடைத்துக்கொண்டது. அதெல்லாம் அவனுக்குப் பெரிதில்லை. தினக்கூலிக்காரனை எந்த நாளும் மேஸ்திரி பார்த்து "நாளைக்கு வராத" என்று சொல்லிவிடலாம். சொன்னால் மறுநாள் கடல்தான். நிரந்தரம் ஆகிவிட்டால் அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே பக்கிரிக்கு இந்த உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று, மில்லில் நிரந்தரம்.

அவன் ஆட்டக்காரன் ஆனது தற்செயல். ஒருநாள் ராமாமிர்தம் குடோனில் நின்று, வலது பக்கம் ஆடுபவன் இடது பக்கம் போகலாமா என்று யாருக்கோ எழுத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். மேலே அடுக்கியிருந்த புண்ணாக்குக் கட்டி ஒன்று சரிந்து நேராக அவர் மண்டைக்கு வந்தது. பக்கிரி ஒரே தாவில் பாய்ந்து அதை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

ராமாமிர்தம் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நீதாண்டா கோல்கீப்பர்" என்றார்.

மற்றப் பத்து இடத்தில் ஒன்பதை ஏற்கெனவே உதவித் தலைவர்கள் ஆளுக்கு ஒருவராக நிரப்பியிருந்தார்கள். மைத்துனன், அக்காள் மகன், வீட்டுக்கு அடிக்கடி வந்து தொல்லை கொடுக்கிற சகலை. கோல்கீப்பராக மட்டும் எவரும் தன் ஆளை அனுப்பவில்லை. விழுந்தால் சட்டை அழுக்காகும். பத்தாவது ஆள் உத்திராபதி, மில் வண்டியில் மாடு ஓட்டுகிறவன். அந்தப் பதினொரு பேரில் பந்தைப் பார்த்து உதைக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அதனால் அவனைத் தலைவனாகப் போடவில்லை.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் பந்தல் போட்டு சீசன் தொடங்கியது. விழுப்புரத்திலிருந்து வந்த எதிர்க்கட்சி மூன்று மணிக்கே காலைத் தேய்த்துக்கொண்டு நின்றது. தலைவர் ஞானசேகரன் ஒலிபெருக்கி முன்னால் வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு மனசு நிறைந்து போயிற்று.

"நான் பந்து ஆடினதில்ல. பாத்ததும் இல்ல. ஆனா ஏழை வாலிபனுங்க சாயங்காலத்துல சும்மா இருந்தா சங்கம் கிங்கம்னு பேசறானுங்க. கூலி ஒசத்து, அத ஒசத்துன்னு கொடி புடிக்கறானுங்க. ஒரு பந்தத் தூக்கிப் போட்டா அது பின்னாலயே ஓடறானுங்க. இத நான் அனுபவத்துல கண்டுகினேன். அதனால சொல்றேன், இந்த வருஷம் நம்ம கழகம் முதல் டிவிஷன்ல நின்னுட்டா, ஆடின பதினொரு பேரையும் மில்லுல நிரந்தரம் ஆக்கறேன். இது இந்த ஞானசேகரன் வாக்கு!"

கைதட்டலில் பந்தல் ஆடியது. பக்கிரிக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. நிரந்தரம் என்ற ஒரு வார்த்தை ஏறியது.

பிறகு ஒன்பது உதவித் தலைவர்களும் பேசினார்கள். பேச்சு முடியும்வரை ஆட்டக்காரர்கள் அவரவர் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று காரியதரிசி உத்தரவு. ஆறாவது உதவித் தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போது விழுப்புரத்துக்காரன் ஒருவன் அலுத்துப்போய்க் காலடியில் கிடந்த பந்தை ஓங்கி விட்டான். அது பக்கிரியின் வலது கால் பக்கமாக உருண்டு கோலுக்குள் போயிற்று. பக்கிரி கட்டிய கையைப் பிரிக்கவில்லை. உத்தரவு.

ஒன்பதாவது பேச்சு முடிந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஜில்லா உதைபந்தாட்டப் பேரவையின் தலைவர் தில்லைநாதன்தான் அன்றைக்கு ரெப்ரீயும். அவர் சர்வே இலாகாவில் இருந்தவர். இப்போதும் அளவு நாடா இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார். "ஆட்டம் நடக்கல. ஆனா கோல் நடந்திருக்குது. நடந்தத இல்லன்னு சொல்ல பேரவைக்கு அதிகாரமில்ல" என்று விழுப்புரத்துக்கு வெற்றி எழுதிக் கொடுத்தார்.

"ஏண்டா பக்கிரி, ஒரு காலையாவது நீட்டக் கூடாதா?" என்று உத்திராபதி வழியெல்லாம் கேட்டான்.

"கையக் கட்டச் சொன்னாங்க மாமா. காலப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"சொல்லலல்ல? அப்ப நீட்டறதுதான?"

"நீட்டி, அதுக்கு ஒரு மெமோ குடுத்தா? எனக்கு நிரந்தரம் வேணும் மாமா."

அடுத்தது பூட்ஸ். வெறுங்காலோடு ஆடுவது முதல் டிவிஷனின் கௌரவத்துக்கு அடாது என்று கமிட்டி மூன்று முறை கூடிப் பேசியது. பதினொரு ஜோடிக்கு அளவு யாருடையது என்பதில் சிக்கல். ஒருவன் காலை அளந்தால் இன்னொருவனுக்கு மனவருத்தம் வரும். சமத்துவம் வேண்டும் என்று தலைவர் கால் அளவிலேயே பதினொரு ஜோடியும் தைக்கக் கொடுத்தார்கள். தலைவர் கால் சிறுசு, நடக்காத கால். கட்டுமரத்தில் நின்று நின்று விசிறிபோல விரிந்த பக்கிரியின் பாதம் அதற்குள் பாதிகூடப் போகவில்லை. குதிகால் வெளியே தொங்க, விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு அவன் பண்ருட்டிக்காரர்களிடம் நாலு கோல் வாங்கினான். உத்திராபதி ஓங்கி ஒன்று விட்டபோது பந்து நின்ற இடத்தில் நின்றது. பூட்ஸ் பறந்து போய் எதிரிகளின் கோலுக்குள் விழுந்தது. பூட்ஸ் கோலா இல்லையா என்று ராமாமிர்தம் பேரவைக்கு ஏழு பக்கம் எழுதினார். அதற்குப் பதில் சித்திரையில் வந்தது.

பந்து சங்கதி வேறு. கழகத்தின் சொத்து அது ஒன்றுதான் என்பதால் இரும்புப் பெட்டியில் வைத்து மூன்று பூட்டுப் போட்டிருந்தார்கள். சாவி மூன்று உதவித் தலைவர்களிடம். ஒருவர் பூசத்துக்கு வடலூர் போனவர் பதினொரு நாள் திரும்பவில்லை. அந்தப் பதினொரு நாளும் ஆட்டக்காரர்கள் பந்து இல்லாமலே பழகினார்கள். ராமாமிர்தம் நிழலில் நாற்காலி போட்டுக்கொண்டு "இருக்கறதா நெனச்சுக்கடா! பாயி! புடி!" என்று கத்துவார். பக்கிரி பாய்ந்து மண்ணில் விழுந்து வெறும் காற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுவான். முட்டி பெயர்ந்து ரத்தம் வரும். அது மட்டும் நிஜம்.

"இன்னைக்கு ஒரு கோலும் வாங்கல நீ" என்று ராமாமிர்தம் அவன் பெயருக்கு நேரே எழுதிக்கொள்வார்.

வீட்டில் தனம் முட்டிக்கு மஞ்சள் அரைத்துப் போட்டாள். வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. "மூட்ட தூக்கறதும் இல்லாம இது இன்னா கூத்து? பந்து இல்லாம பந்தாட்டமா? மாமா, அவுங்க நல்லாத்தான் இருக்காங்களா, புத்தி கித்தி பெரண்டு போச்சா?"

"இன்னாவோ இருந்துட்டுப் போவட்டும் தனம். நின்னுட்டா நிரந்தரம்."

"நிக்கலன்னா?"

தனத்தின் அண்ணன் கலியபெருமாள் வாசலில் இருந்தபடியே சொன்னான். "நிக்கலன்னா மரம் இருக்குது மச்சான். ஒன் பக்கத்துத் துடுப்பு சும்மாத்தான் கெடக்குது." தனம் அவனைப் பார்த்த பார்வையில் அவன் எழுந்து போய்விட்டான்.

சீசன் பங்குனி முடிய ஓடியது. கெடிலம் கழகம் தோற்காத ஒரே ஆட்டம் திண்டிவனத்துக்காரர்களோடு. அவர்கள் ரயிலைத் தவற விட்டுவிட்டார்கள். எதிரி வராததால் வெற்றி கிடைத்தது. அன்றைக்கும் ஒன்பது பேர் பேசினார்கள். சிதம்பரத்து தில்லை விக்டரி கிளப்போ ஒரு ஆட்டத்தைச் சமமாக முடித்திருந்தது, மற்றதையெல்லாம் தோற்றிருந்தது. ஆகக் கடைசி ஆட்டம் இவர்கள் இருவருக்கும். சிதம்பரம் ஜெயித்தால் கடலூர் கீழே போகும். சமமாக முடிந்தாலே கடலூர் மேலே நின்றுவிடும்.

இந்தச் சமயத்தில் பேரவையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. டிவிஷன் தலைவிதியை நிர்ணயிக்கும் ஆட்டங்களில் கோல் கம்பங்களுக்கு வலை கட்டாயம். வலை இல்லாவிட்டால் இரு கழகமும் கீழே.

ஜில்லாவில் எவனும் கோல் வலையைக் கண்ணால் கண்டதில்லை. ராமாமிர்தம் இரண்டு நாள் தேடி, பழைய பத்திரிகை ஒன்றில் கல்கத்தா ஆட்டத்தின் படத்தைக் கண்டுபிடித்தார். நேர் முன்னாலிருந்து எடுத்த படம். இரண்டு கம்பம், ஒரு குறுக்குக் கம்பம், நடுவில் சட்டம் போட்டாற்போல வலை. அதை எடுத்துக்கொண்டு பக்கிரியிடம் வந்தார்.

"நீ செம்படவன்தான? ரெண்டு பின்னிடு. இருபத்துநாலு அடி நீளம், எட்டடி ஒசரம்."

பக்கிரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஐயா, இத எங்க கட்டணும்? முன்னாலயா, பின்னால எறக்கியா?"

"படத்துல எங்க இருக்குது?"

"கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவுல இருக்கற மாதிரி தெரியுதுங்க."

"அப்ப அங்கதான் கட்டணும். கல்கத்தாக்காரனவிட ஒனக்கு ஜாஸ்தி தெரியுமா?"

"இல்லிங்க... நடுவுல கட்டிட்டா, பந்து உள்ள போறதுக்கு வழி?"

ராமாமிர்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏண்டா, ஒன்ன எதுக்குப் போட்டிருக்குது? பந்து உள்ள போவாம இருக்கத்தான? வலையும் அதுக்குத்தான? போவ வழி இல்லையேன்னு நீயே அழுதா, நீ நம்ம கட்சியா, சிதம்பரத்தான் கட்சியா?"

பக்கிரி படத்தைத் திருப்பிக் கொடுத்தான். "சரிங்க. பந்த ஒரு நாள் குடுங்க. கண்ணி அளவு எடுத்துக்கறேன்."

"பந்தா! மூணு சாவியும் ஒண்ணு சேரணும். சுற்றளவு இருபத்தேழு அங்குலம்னு சட்டப் புத்தகத்துல இருக்குது. அது போதும்."

பக்கிரிக்கு அது போதும். கடல்காரன் வலை பின்னுவதில் ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு கண்ணி. தலை உள்ளே போகவேண்டும், உடம்பு போகக்கூடாது, பின்வாங்கினால் செவுள் மாட்டவேண்டும். கண்ணி பெரிசானால் மீன் கடந்துவிடும், சிறிசானால் முட்டித் திரும்பிவிடும். இருபத்தேழு அங்குலம் சுற்றளவுள்ள ஒரு மீனை மனசில் நினைத்துக்கொண்டு அவன் பின்னினான். பாதி உள்ளே, பாதி வெளியே. மூட்டை தூக்கிவிட்டு வந்து பத்து நாள் உட்கார்ந்தான். அண்ணன் வைத்துவிட்டுப் போன நூல்தான். உப்புத் தண்ணீரில் மக்காமலிருக்கப் பனிச்சங்காய்ச் சாயத்தில் முக்கிக் காயவைத்தான். மேலே மிதப்புக்கட்டை வரிசை, கீழே ஈயக்குண்டு வரிசை. தொங்கவிட்டால் சுவர்போல நிற்கும். வாழ்க்கையில் இவ்வளவு ஒழுங்காக அவன் ஒரு வலை பின்னியதில்லை.

ஆட்டத்தன்று கழகம் பாசஞ்சர் ரயிலில் கிளம்பியது. பதவியில் இருப்பவர்களுக்கு உட்கார இடம், ஆட்டக்காரர்களுக்கு நிற்க இடம். வலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பக்கிரி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், கிள்ளை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆள் ஏற இறங்க ஒதுங்கிக்கொண்டே போனான்.

சிதம்பரத்து மைதானத்தில் தில்லைநாதன் வலையைப் பரிசோதித்தார். நாடாவைப் பிடித்து நீளம் அளந்தார், உயரம் அளந்தார், கண்ணிகளை முழுக்க எண்ணினார், முகர்ந்தும் பார்த்தார். தகுதிச் சான்றில் தானும் கையெழுத்துப் போட்டு, இரண்டு கழகத்துக் காரியதரிசிகளிடமும் வாங்கிக்கொண்டார். பந்து உள்ளே போகுமா என்ற கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் சிதம்பரத்தான் ஒருவன் பக்கிரியைத் தாண்டி ஓங்கி விட்டான். கூட்டம் "கோல்" என்று எழும்பியது. எழும்பிய கூட்டம் அப்படியே நின்றது. பந்து வலைக் கண்ணியில் பாதி நுழைந்து, கழுத்தளவில் மாட்டிக்கொண்டு, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் தொங்கியது. பக்கிரிக்குத் தன்னையறியாமல் ஒரு சந்தோஷம். அளவு மயிரிழை பிசகவில்லை. அவன் போய்க் கண்ணியை விரலால் விரித்து, மீனை விடுவிப்பதுபோலப் பக்குவமாகப் பின்னுக்குத் தள்ளி எடுத்தான்.

தில்லைநாதன் சட்டப் புத்தகத்தைப் பிரித்தார். ஈயக்குண்டு வரிசை கோட்டின் மேலேயே படுத்திருந்தது. நாடாவைப் பிடித்தார். "பந்து முழுசும் கோட்டைக் கடந்தாத்தான் கோல். இது பாதி அந்தாண்ட, பாதி இந்தாண்ட. கோல் இல்ல."

"வலைய நட்டநடுவுல கட்டினா எவன் அப்பன் வந்தாலும் கோல் விழாதுய்யா!" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

"வலை சரியில்லன்னு சொல்றவன் சான்றிதழக் காட்டட்டும்" என்றார் தில்லைநாதன். "சரியிருக்குதுன்னு எங்கிட்ட சான்றிதழ் இருக்குது. கையெழுத்து என்னுதுதான்."

அதன் பிறகு இரண்டு பக்கமும் பந்து மாட்டியது, எடுத்தது, மாட்டியது. சிதம்பரம் பதினேழு முறை மாட்டவைத்தது. உத்திராபதி மூன்று முறை. பத்தாவது நிமிஷத்திலேயே சிதம்பரத்துக் கோல்கீப்பருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவன் கையுறையைக் கழற்றிவிட்டு, வேப்பமரத்தடிக்குப் போய்ச் சுண்டல் வாங்கித் தின்ன ஆரம்பித்தான். இடைவேளைக்குப் பின்னும் வரவில்லை.

உத்திராபதி ஓடி வந்து, "டேய் பக்கிரி, நீயும் குந்துடா. வலை பாத்துக்கும்" என்றான்.

"வேணாம் மாமா. நிக்கறவனத்தான் நிரந்தரம் பண்ணுவாங்க" என்று பக்கிரி கடைசிவரை நின்றான். ஒவ்வொரு பந்துக்கும் பாய்ந்தான். முட்டி மறுபடி பெயர்ந்தது.

ஆட்டம் சமம். கெடிலம் கழகம் முதல் டிவிஷனில் நின்றுவிட்டது. ஞானசேகரன் அந்த மைதானத்திலேயே மாலையும் கழுத்துமாகப் பேசினார். "வலை எங்க கட்டணும்னு ராப்பகலா யோசிச்சு முடிவு பண்ணது நான். இந்த மூளைய வெச்சுகினு நான் எண்ணெ ஆட்டிகினு இருக்கேன் பாருங்க!" ராமாமிர்தம் குனிந்து கைதட்டினார். பக்கிரி அன்றைக்கு வீட்டுக்குப் போய் வாசலிலிருந்தே, "தனம், நின்னுட்டோம்!" என்றான். அவள் அடுப்பிலிருந்த குழம்பை அப்படியே விட்டுவிட்டு வந்து, அவன் பிசுபிசுத்த தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

சிதம்பரத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மனு போட்டார்கள். வலை பற்றி மனுப்போட முடியாது, அவர்கள் காரியதரிசியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதனால் வேறு புகார் சொன்னார்கள். கோலைத் தடுத்தது வலை. ஆகவே கோல்கீப்பர் வலைதான். எங்கள் கோல்கீப்பர் இதை உணர்ந்து கண்ணியமாக வெளியேறிவிட்டார். கடலூர்க் கோல்கீப்பர் கடைசிவரை நின்றார். எனவே கடலூர் பன்னிரண்டு பேரோடு ஆடியது. ஆட்டம் செல்லாது.

பேரவை விசாரணைக் கமிஷன் வைத்தது. விசாரித்தவர் தில்லைநாதன். மில்லின் மேல்மாடியில் காபி, முந்திரிப் பருப்பு, மின்விசிறியோடு விசாரணை நடந்தது. பக்கிரியைக் கதவோரம் நிற்கவைத்தார்கள்.

"நீ ஆட்டம் முடியறவரைக்கும் நின்னியா?"

"நின்னேங்க. ஒரு நிமிஷம் நகரல."

"ஒத்துக்கறான். எழுதிக்குங்க."

"வலை மாட்டின பந்த எடுத்தது யாரு?"

"நான்தாங்க."

"அப்ப பந்தப் புடிச்சது நீ இல்ல. வலை."

"நானும் பாஞ்சேங்க. முட்டியப் பாருங்க."

"முட்டி விசாரணைக்கு உட்பட்டதில்ல" என்றார் தில்லைநாதன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு இரு கட்சியையும் பார்த்துப் பேசினார். "பேரவையோட சங்கடத்த நீங்க புரிஞ்சுக்கணும். வலை தப்புன்னா சான்றிதழ் தப்பு. சான்றிதழ் தப்புன்னா நான் தப்பு. நான் தப்புன்னா ஜில்லாவுல உதைபந்தாட்டமே கெடையாது. ஆகவே வலை இருந்துது, அது ரைட்டு. களத்துல பதினொண்ணுக்கு மேல இருக்கக்கூடாது, அதுவும் ரைட்டு. பத்து ஆட்டக்காரர், ஒரு வலை, ஆக பதினொண்ணு. கணக்கு தீந்துபோச்சு. பக்கிரிங்கற நபர் களத்துல இல்ல."

பக்கிரி கதவோரத்தில் நின்றபடி, "இருந்தேங்களே" என்றான்.

"இருந்தேன்னு நீ சொன்னா கழகம் கீழ போவும். பத்து பேரு பொழப்பு கெடும். கெடுக்கணுமா?" என்று ராமாமிர்தம் கேட்டார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "தியாகம்டா இது. ஒரு தொழில்முறை ஆட்டக்காரன் செய்யவேண்டிய தியாகம்."

பக்கிரி ஒன்பது சகலை மைத்துனன்களையும் நினைக்கவில்லை. உத்திராபதியை நினைத்தான். அவனுக்கு நாலு பெண். அவன் களத்தில் இல்லை என்று எழுதிய காகிதத்தை ராமாமிர்தம் நீட்டினார். காட்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்தான்.

தலைவர் வாக்குத் தவறாதவர். ஆடின பதினொரு பேரையும் நிரந்தரம் ஆக்கினார். ஒன்பது உறவுக்காரர்களுக்கும் உத்திராபதிக்கும் உத்தரவு போயிற்று. பதினோராவது உத்தரவில் 'பெயர்: வலை. தந்தை பெயர்: இல்லை. தொழில்: கோல்கீப்பர்' என்று ராமாமிர்தம் தன் அழகான கையெழுத்தில் எழுதி, சாட்சி போட்டு, குடோன் ஆணியில் தொங்கிய வலையின் மேலேயே குத்திவைத்தார். நிரந்தர ஊழியர் ஆனபின் அதை யாரும் மிதிக்கக்கூடாது என்று மேஸ்திரிக்கும் உத்தரவு. பக்கிரி களத்தில் இல்லாதவன். கழகத்துக்கும் அவனுக்கும் ஒட்டில்லை. "நாளைக்கு வராத" என்றான் மேஸ்திரி.

போகும்போது பக்கிரி குடோனுக்குள் போய் அந்த வலையையும் அதன் ஜோடியையும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். கிழிசல் பார்க்க எடுத்துப்போகிறான் என்று எண்ணி வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டான்.

ஒரு வாரம் அவன் வெறுமனே கரையில் சுற்றினான். கல் உடைக்கும் இடத்தில் கேட்டான், வண்டிப்பேட்டையில் கேட்டான், துறைமுகத்தில் கேட்டான். எட்டாம் நாள் கலியபெருமாள் மரத்தைக் கட்டி இழுத்து வைத்திருந்தான். அவ்வளவு பெரிய கண்ணி திருக்கை மீனுக்குத் தோதுப்படும் என்று இரண்டு வலையையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி மரத்தில் ஏற்றினார்கள். தனம் நிறைமாச வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் நின்றாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டிருந்தாள்.

அப்போது மில் பியூன் மணலில் கால் புதையப் புதைய ஓடி வந்தான். கையில் நீளக் காகிதம். "பக்கிரி! மெமோ!"

"எனக்கா?" என்றான் பக்கிரி. ஒரு நொடி அவன் முகம் மாறியது.

"ஒனக்கு இல்லப்பா. ஒம் மேற்பார்வை விலாசத்துக்கு வந்திருக்குது." பியூன் மூச்சு வாங்கிக்கொண்டு படித்தான். "நிரந்தர ஊழியர் வலை அவர்களுக்கு. தாங்கள் முன் அனுமதியின்றி ஏழு தினங்களாகப் பணிக்கு வராதது நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. மூன்று நாளுக்குள் தக்க விளக்கம் தராவிட்டால்..."

கலியபெருமாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பதில் எழுதச் சொல்லு மச்சான், வலைய!"

பக்கிரி சிரிக்கவில்லை. தோளைக் கொடுத்து மரத்தைத் தண்ணீருக்குள் தள்ளினான். முதல் அலை மரத்தின்மேல் ஏறி இறங்கியது.

"பதில் வாங்காம நான் போவ முடியாதே. கையெழுத்தாவது போடச் சொல்லுங்க" என்று பியூன் தண்ணீர் ஓரம் தவித்தான்.

தனம் அவன் கையிலிருந்த காகிதத்தை வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எழுதிக்கய்யா. ஒங்க நிரந்தரம் கடலுக்குப் போயிருக்குது. அத ஏத்திகினு எம் புருசனும் போயிருக்கான். ரெண்டு பேருல யாரு திரும்பி வந்தா ஒங்களுக்கு வேணும்னு ஒங்க மொதலாளியக் கேட்டுகினு வா. நான் இங்கயேதான் குந்திகினு இருப்பேன்."

சொல்லிவிட்டு அவள் மணலில் உட்கார்ந்தாள்.